நாலு கிலோ கூடியிருக்கு, சரி, அது பெட்டியாலா? வியாபார முடிவுகளுக்கு அனோவா

"பெட்டியில போட ஆரம்பிச்ச பெறவு அல்வா நல்லா ஓடுது அண்ணாச்சி." திருநெல்வேலியில் இனிப்புக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதில்லை. சொல்வது கடைப் பையனாக இருக்கலாம், பெட்டி ஆர்டர் பிடிக்க வந்தவராகவும் இருக்கலாம். நோட்டைப் புரட்டினால் அதுவும் ஒத்துப் பேசும். பட்டர் பேப்பரில் பொட்டலம் கட்டிய நாட்களில் சராசரியாக நாளுக்கு 40 கிலோ, அட்டைப்பெட்டியில் போட்ட நாட்களில் 44 கிலோ. அப்புறம் என்ன யோசனை, ஆயிரம் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட வேண்டியதுதானே?

கொடுக்கலாம். ஆனால் அந்த நாலு கிலோ பெட்டியால் வந்ததா, தானாக வந்ததா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே ஏறக்குறைய நூறு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும் கணக்குதான் அனோவா. தமிழில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்பார்கள். எம்.பி.ஏ. வகுப்பிலும் மார்க்கெட்டிங் ஆட்களின் பேச்சிலும் இந்தப் பெயர் தாராளமாக அடிபடுகிறது. "அனோவா போட்டுப் பாத்தாச்சு, வித்தியாசம் இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, எதற்குச் சொல்லவில்லை என்று கேட்பவர் குறைவு. பி.காமில் படிக்கும் 'வேரியன்ஸ் அனாலிசிஸ்', அதாவது பட்ஜெட்டுக்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரிப்பது, முற்றிலும் வேறு சமாச்சாரம். இங்கே அதைப் பேசவில்லை.

## எதுவும் மாற்றாமலே மாறுகிற விற்பனை

பெட்டி, பொட்டலம் எதையும் தொடாமல் ஒரே மாதிரி வியாபாரம் செய்தாலும், இன்றைக்கு விற்ற அளவே நாளைக்கும் விற்காது. முகூர்த்த நாள் வந்தால் ஏறும். மத்தியானம் மழை பிடித்தால் இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழுந்தால், போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ வண்டியை நிறுத்தி வாங்குகிறவர்கள் கூடுவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் பாபநாசம் சாலையில் இருக்கிற கடைகளுக்கு ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இல்லாத கடைகளுக்கு வேறு கணக்கு. காரணமே தெரியாமல் ஏறி இறங்குகிற நாட்களும் உண்டு. அவைதான் அதிகம்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில்தான் பெட்டியின் பலனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நிற்கிறீர்கள், பத்தடி தள்ளி ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். காதில் விழுமா? அதே வீதியில் ஒரு சாதாரண நாள் மத்தியானம், அதே குரலில் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிப் பார்ப்பீர்கள். குரல் ஒன்றுதான், சத்தம்தான் வேறு. ஒரு குரல் கேட்குமா என்பதை அந்தக் குரலின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சுற்றியுள்ள சத்தத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். நாலு கிலோ என்பது குரல். நாளுக்கு நாள் நடக்கும் ஆட்டம் சத்தம். அனோவா இந்த இரண்டையும் அளந்து, ஒன்றை மற்றதால் வகுக்கிறது. விஷயம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அளப்பது எப்படி என்பதுதான்.

## இரண்டு கடை, ஒரே சராசரி

விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. ஒரு கடையில் மூன்று விதமாக அல்வா கட்டிக் கொடுக்கிறார்கள்: பட்டர் பேப்பர் பொட்டலம், டப்பா, அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் 5 நாள். விற்பனை கிலோவில். பார்க்க வசதியாக ஏறுவரிசையில் எழுதியிருக்கிறேன்.

முதல் கடை:
பொட்டலம்: 38, 39, 40, 41, 42. சராசரி 40.
டப்பா: 40, 41, 42, 43, 44. சராசரி 42.
பெட்டி: 42, 43, 44, 45, 46. சராசரி 44.

இரண்டாவது கடை:
பொட்டலம்: 32, 36, 40, 44, 48. சராசரி 40.
டப்பா: 34, 38, 42, 46, 50. சராசரி 42.
பெட்டி: 36, 40, 44, 48, 52. சராசரி 44.

சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டு கடைக்கும் ஒரே தீர்ப்புதான் வரும்: பெட்டி முதலில், பொட்டலம் கடைசியில். எண்களைக் கண்ணால் பார்த்தாலே கதை வேறு என்று தெரியும். முதல் கடையில் பொட்டலத்தின் மிக நல்ல நாள் 42 கிலோ. பெட்டியின் மிக மோசமான நாளும் அதே 42. இரண்டாவது கடையில் பொட்டலம் ஒரு நாள் 48 விற்றிருக்கிறது, பெட்டி ஒரு நாள் 36-க்கு இறங்கியிருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணாக்குவோம். ஒவ்வொரு வகைக்கும் உரிய 5 நாள் எண்களைச் சேர்த்து ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழுக்களுக்கு இடையிலான மாறுபாடு: மூன்று சராசரிகளும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது. மொத்தச் சராசரி 42. பொட்டலம் 2 கீழே, டப்பா அதே இடம், பெட்டி 2 மேலே. விலகல்களை அப்படியே கூட்டினால் மேலும் கீழும் அடிபட்டுப் பூஜ்யமாகிவிடும், அதனால் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம்: 4, 0, 4, ஆக 8. ஒவ்வொரு சராசரிக்கும் பின்னால் 5 நாள் இருப்பதால் 5-ஆல் பெருக்கினால் 40. மூன்று குழு என்பதால் அதில் ஒன்று குறைத்து 2-ஆல் வகுக்க வேண்டும். (மொத்தச் சராசரி தெரிந்துவிட்டால் இரண்டு குழுவின் சராசரியே மூன்றாவதைச் சொல்லிவிடும், அதனால்தான் அந்த ஒன்று குறைகிறது.) விடை 20. இரண்டு கடைக்கும் இது ஒன்றேதான்.

அடுத்து குழுவுக்குள் மாறுபாடு: ஒரே மாதிரி கட்டிக் கொடுத்த நாட்களுக்குள்ளேயே நடக்கும் ஆட்டம். முதல் கடையின் பொட்டலக் குழுவில் விலகல்கள் 2, 1, 0, 1, 2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10. மூன்று குழுவுக்கும் சேர்த்து 30. நாட்கள் 15, குழுவுக்கு ஒன்று வீதம் 3 கழித்து 12-ஆல் வகுத்தால் 2.5. இரண்டாவது கடையில் விலகல்கள் 8, 4, 0, 4, 8. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 160, மூன்றுக்கும் 480, 12-ஆல் வகுத்தால் 40.

இப்போது முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். முதல் கடையில் 20-ஐ 2.5-ஆல் வகுத்தால் 8. இரண்டாவது கடையில் 20-ஐ 40-ஆல் வகுத்தால் 0.5. இந்த விகிதத்துக்கு எஃப் மதிப்பு என்று பெயர். இந்தக் கணக்கு முறையைக் கொண்டுவந்த ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் பெயரில் முதல் எழுத்து அது. அந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்னெடகர்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: சராசரிகளுக்கு இடையிலுள்ள தூரம் மேலே, அன்றாட ஆட்டம் கீழே. இரண்டு கடையிலும் மேலே இருப்பது ஒன்றுதான். கீழே இருப்பதுதான் ஒன்றைத் தூக்கி நிறுத்தி மற்றதைக் கவிழ்த்திருக்கிறது.

## எட்டு என்றால் பெரிசா?

பெட்டி, டப்பா, பொட்டலம் எதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இந்த அனுமானத்துக்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்போதும் மூன்று சராசரிகளும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்காது. அன்றாட ஆட்டமே அவற்றைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதையும் அந்த ஆட்டத்தின் அளவிலிருந்தே கணித்துவிடலாம். ஆக, உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டால் மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே ஆட்டத்தைத்தான் இரண்டு வழியில் அளக்கின்றன. வகுத்தால் 1-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1-ஐத் தாண்டி நன்றாக மேலே போனால்தான் சராசரிகள் அன்றாட ஆட்டத்தால் மட்டும் இவ்வளவு விலகியிருக்காது என்ற சந்தேகம் வலுக்கும். எனக்குத் தெரிந்து அனோவாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பத்தியே போதும். பாடப் புத்தகங்களில் இதுதான் சூத்திரங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது.

எவ்வளவு மேலே போனால் நம்பலாம்? வித்தியாசமே இல்லாத நிலையில் இவ்வளவு பெரிய எஃப் மதிப்போ, இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிடலாம். அதுதான் பி மதிப்பு. முதல் கடைக்கு ஏறத்தாழ 0.006, ஆயிரத்தில் ஆறு. இரண்டாவது கடைக்கு 0.62, அதாவது வித்தியாசமே இல்லாவிட்டாலும் நூற்றுக்கு அறுபத்திரண்டு தடவை இவ்வளவோ இதற்கு மேலோ வந்துகொண்டேயிருக்கும். 0.05-க்குக் கீழே இருந்தால் ஏற்றுக்கொள்வது ஃபிஷர் காலத்திலிருந்து வரும் வழக்கம். நம்முடைய 15 நாள் கணக்கில் எஃப் மதிப்பு 3.89-ஐத் தாண்டினால் அந்தக் கோட்டுக்குள் வரும். இந்த 5 சதவீதம் ஒரு சௌகரியத்துக்கு வைத்துக்கொண்ட எல்லைதான், சாஸ்திரம் இல்லை. பெட்டி மெஷினுக்கு லட்சக்கணக்கில் முதல் போடுகிறவர் இன்னும் கடுமையாகப் பார்க்கலாம்.

பி மதிப்பு 0.006 என்றால் "பெட்டி நல்லது என்பதற்கு 99.4 சதவீதம் உத்தரவாதம்" என்று விளக்கம் சொல்கிறவர்கள் நிறைய. தவறு. வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொண்டு, கிடைத்த எண்கள் எவ்வளவு விசித்திரமானவை என்று மட்டுமே அது சொல்கிறது.

## இரண்டிரண்டாகப் பார்த்தால் என்ன?

பொட்டலமும் பெட்டியும், பெட்டியும் டப்பாவும் என்று சோடி சோடியாகப் பார்த்துவிடலாமே, எதற்கு இந்தச் சுற்று வழி என்று தோன்றும். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் அபாயம் 5 சதவீதம். ஐந்து வகை என்றால் 10 சோடி. ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்றாவது பொய்யாக மணி அடிக்க 40 சதவீத வாய்ப்பு. பத்து தடவை தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அனோவா எல்லாக் குழுவையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடுகிறது.

ஆனால் அந்த ஒரே கேள்வி என்ன என்பதைக் கவனியுங்கள்: "இவற்றில் எங்கேயாவது வித்தியாசம் இருக்கிறதா?" ஆம் என்று பதில் வந்தால், எது எதைவிட மேல் என்று தெரிந்துவிட்டதாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தெரியவில்லை. அதற்கு இரண்டாவது படி வேண்டும். பலரும் பயன்படுத்துவது அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் சோதனை. எல்லாச் சோடிகளையும் சேர்த்தே பொய் மணி 5 சதவீதத்தைத் தாண்டாதபடி, இரண்டு சராசரிகளுக்கு இடையே குறைந்தது எவ்வளவு தூரம் வேண்டும் என்று அது சொல்லும்.

முதல் கடைக்கு அந்தத் தூரம் சுமார் 2.7 கிலோ. பெட்டிக்கும் பொட்டலத்துக்கும் இடையில் 4 கிலோ, தேறிவிட்டது. டப்பாவோ பெட்டியிலிருந்து 2 கிலோ, பொட்டலத்திலிருந்தும் 2 கிலோ. இரண்டிலிருந்தும் அதைப் பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது. "அப்படின்னா டப்பாவும் பெட்டியும் ஒண்ணு, டப்பாவும் பொட்டலமும் ஒண்ணு, ஆனா பெட்டியும் பொட்டலமும் ஒண்ணில்லியா? என்னவே இது?" என்று கேட்கத் தோன்றும். ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றுதான் கணக்கு சொன்னது.

## கல்லாப்பெட்டிக்கு வேறு கணக்கு

முதல் கடையில் பெட்டி பொட்டலத்தைவிட 4 கிலோ கூட விற்கிறது. வித்தியாசமே இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் தற்செயலாக வருவது அபூர்வம். இனி ஆர்டர் கொடுத்துவிடலாமா?

அரைக் கிலோ பெட்டி ஒன்றுக்குப் பொட்டலத்தைவிட 4 ரூபாய் கூடச் செலவு என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 8 ரூபாய். 44 கிலோவையும் பெட்டியில் போட்டால் நாளுக்கு 352 ரூபாய் கூடுதல். கூட விற்ற 4 கிலோவில் கிலோவுக்கு 60 ரூபாய் லாபம் நின்றால் 240 ரூபாய். கடைக்காரருக்குத் தினம் 112 ரூபாய் நட்டம். அனோவா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது விற்பனைக் கிலோவைப் பார்த்தது, லாபத்தைப் பார்க்கவில்லை. தினசரி விற்பனைக்குப் பதில் தினசரி லாபத்தையே எண்ணாகக் கொடுத்திருந்தால் அதையே பார்த்திருக்கும். எதை அளக்கிறோம் என்ற முடிவு கணக்குக்கு முன்னாலேயே எடுக்க வேண்டியது. அதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் விடக் கூடாது, முதலாளிதான் எடுக்க வேண்டும்.

## திருவுளச்சீட்டு

இதுவரை ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் தள்ளி வைத்திருந்தேன். எந்த நாளில் எதைக் கட்டிக் கொடுத்தார்கள்?

வழக்கமாக நடப்பது இது: முதல் வாரம் பொட்டலம், அடுத்த வாரம் டப்பா, மூன்றாவது வாரம் பெட்டி. மூன்றாவது வாரத்தில் குற்றாலம் சீசன் தொடங்கிவிட்டால்? பெட்டிதான் ஜெயிக்கும். எஃப் மதிப்பு 8 என்ன, 80 கூட வரும். அந்த வித்தியாசம் நிஜம், சந்தேகமே இல்லை. ஆனால் சாரல் செய்த வேலைக்குப் பெட்டி பேர் வாங்கிவிடும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தத் தப்பை அது கண்டுபிடிக்காது. அதற்குக் கொடுத்தது வெறும் எண்கள். எந்த எண் சாரல் நாள், எந்த எண் வெயில் நாள் என்று அதற்கு யார் சொன்னது?

ஃபிஷர் இந்தச் சிக்கலை வயலில்தான் சந்தித்தார். 1919-இல் லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல்லாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த பயிர்க் கணக்குகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. உரத்தால் மகசூல் கூடியதா, மண் வளத்தால் கூடியதா, அந்த ஆண்டு மழையால் கூடியதா? அங்கே இருந்தபடிதான் அனோவாவை உருவாக்கினார். 1925-இல் வந்த அவரது நூல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கணக்கைவிடப் பெரிய பங்களிப்பு என்று நான் நினைப்பது, சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்று அவர் சொன்னது.

நம் ஊர் வயலில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் தண்ணீர் ஒன்றா? ஒரு புது நெல் ரகத்தைத் தலைமடையிலும் பழைய ரகத்தைக் கடைமடையிலும் நட்டுவிட்டு மகசூலை ஒப்பிட்டால் எந்த விவசாயியும் சிரிப்பார். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 மாதிரியான ரகங்களைச் சோதிக்கும்போது வயலைத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பார்கள். ஒரு தொகுதிக்குள் மண்ணும் தண்ணீரும் கூடியவரை ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் இருக்கும். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்.

கடைக்கும் அதுவேதான். மூன்று வாரம், 21 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று திங்கள், மூன்று செவ்வாய், மூன்று சனி வரும். மூன்று சனிக்கிழமைகளில் ஒன்று பொட்டலத்துக்கு, ஒன்று டப்பாவுக்கு, ஒன்று பெட்டிக்கு. எது எதற்கு என்று திருவுளச்சீட்டு போட்டு எடுங்கள். எல்லாக் கிழமைக்கும் அப்படியே. சீட்டை ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னால் உத்தமம். பெரியவர்கள் "இது முகூர்த்த நாளாச்சே, பெட்டி வரட்டும்" என்று திருப்பிப் போடப் பார்ப்பார்கள். அந்த நாள் யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கை இருக்கக் கூடாது.

குலுக்கல், தெரிந்த காரணங்களையும் தெரியாத காரணங்களையும் மூன்று பக்கமும் பாரபட்சமில்லாமல் தூவுகிறது. கிழமைவாரியாகப் பிரித்தது இன்னொரு நன்மை செய்கிறது. சனிக்கும் செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே கழித்துவிடலாம் என்பதால், கீழே நிற்கும் அந்த 'ஆட்டம்' எண் சிறுத்துவிடும். அதே நாலு கிலோ தெளிவாகக் கேட்கும். அப்படிப் பிரித்தால் கணக்குப் போடும்போது கிழமையையும் ஒரு காரணியாகச் சேர்க்க வேண்டும், மறக்கக் கூடாது. காரணி என்பது முடிவைப் பாதிக்கலாம் என்று நாம் கணக்கில் எடுக்கும் விஷயம்: கட்டும் முறை ஒன்று, கிழமை ஒன்று.

நாட்களைச் சீட்டில் போட்டோம் அல்லவா, அதனால் எண்ணும்போதும் நாள்தான் அலகு. "அஞ்சு நாள்தான் ஆனாலும் நாளுக்கு 200 பில்லு, ஆக ஆயிரம் பில்லு இருக்கே" என்று ஆயிரத்தையும் உள்ளே கொட்டினால் பி மதிப்பு அழகாகச் சிறுத்துவிடும். அந்த 200 பேரும் ஒரே மழையில் நனைந்து வந்தவர்கள் அல்லது ஒரே முகூர்த்தத்துக்கு வாங்கியவர்கள். தனித்தனிச் சாட்சிகளாக அவர்களை எண்ண முடியாது. கம்பெனி அறிக்கைகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்தத் தில்லுமுல்லைத்தான். வேண்டுமென்று செய்கிறவர்களைவிடத் தெரியாமல் செய்கிறவர்கள் அதிகம்.

## ஜங்ஷனில் ஒன்று, டவுனில் ஒன்று

இரண்டு கிளை இருந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகும். ஜங்ஷன் கடையில் வாங்குகிறவர் பெரும்பாலும் ரயில் ஏறப்போகிறவர். சூடான அல்வாவைப் பட்டர் பேப்பரில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தால், வண்டி கோவில்பட்டி தாண்டுவதற்குள் நெய் இறங்கிப் பையில் கறை பிடித்திருக்கும். அவருக்குப் பெட்டி வேண்டும். டவுன் கடைக்குச் சாயங்காலம் வருகிறவர் வீட்டுக்குப் போனதும் சாப்பிடப்போகிறார். அவர் கண் முன்னால் சட்டுவத்தில் எடுத்து, எடை போட்டு, பொட்டலம் கட்ட வேண்டும். ஏற்கெனவே மூடி வைத்த பெட்டியைக் கொடுத்தால் "இது எப்பக் கிண்டுனது?" என்பார்.

இதுவும் என் எண்கள்தான்: ஜங்ஷனில் பொட்டலம் 30 கிலோ, பெட்டி 40. டவுனில் பொட்டலம் 40, பெட்டி 30. இரண்டு கடையையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். பொட்டலம் 35, பெட்டி 35. கட்டும் முறையை மட்டும் காரணியாக வைத்த அனோவா "வித்தியாசம் ஒன்றுமில்லை" என்று கையை விரித்துவிடும். உண்மையில் இரண்டு இடத்திலும் பத்துப் பத்துக் கிலோ வித்தியாசம், எதிரெதிர்த் திசையில்.

ஒரு காரணியின் பலன் இன்னொரு காரணியைப் பொறுத்து மாறுவதற்கு இடைவினை என்று பெயர். கட்டும் முறை, கடை இருக்கும் இடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இரு காரணி அனோவா இதைத் தனியாக எடுத்துக் காட்டும். எந்தக் கிளைக்கு எது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் ஒளிந்திருக்கும். இடைவினை பலமாகத் தெரிந்தால் "மொத்தத்தில் எது மேல்" என்று கேட்பதையே விட்டுவிட வேண்டும்.

## ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால்

இரண்டாவது கடைக்குத் திரும்புவோம். எஃப் மதிப்பு 0.5, பி மதிப்பு 0.62. "பெட்டியால ஒரு பிரயோசனமும் இல்லன்னு நிரூபணமாயிட்டு" என்று சொல்லலாமா? கூடாது. அங்கேயும் நாலு கிலோ உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆட்டத்துக்கு நடுவில் 5 நாளில் அது கேட்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவு ஆடுகிற கடையில் 40, 42, 44 என்ற வித்தியாசம் நிஜமாக இருந்து, அதை நூற்றுக்கு 80 தடவை பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கட்டும் முறைக்கும் ஏறத்தாழ 50 நாள் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து மாசம். எந்தக் கடைக்காரரும் அதற்குப் பொறுக்கமாட்டார். அதனால்தான் கிழமைவாரியாகப் பிரித்து ஆட்டத்தைக் குறைப்பது நாட்களைக் கூட்டுவதைவிட மலிவு. சோதனை தொடங்கும் முன்னாலேயே எத்தனை நாள் என்று முடிவு கட்டிவிட வேண்டும். தினமும் பி மதிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, 0.05-க்குக் கீழே இறங்கிய அன்றைக்கு நிறுத்தினால் பொய் மணி அடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடிவிடும்.

அனோவாவுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு நாள் எண் இன்னொரு நாளைச் சாராமல் இருக்க வேண்டும். குழுக்களுக்குள் ஆட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி ஒரே ஒரு எண் மலைபோல் நிற்கக் கூடாது. கடைசி இரண்டும் சரிப்படாவிட்டால் மாற்று முறைகள் இருக்கின்றன. ஆட்டம் சமமில்லாதபோது வெல்ச் முறை. எண்களை விட்டுவிட்டு அவற்றின் வரிசையை மட்டும் பார்ப்பது 1952-இல் வந்த கிரஸ்கல்-வாலிஸ் முறை. முதல் நிபந்தனை உடைந்தால் இவை இரண்டும் காப்பாற்றாது.

## எக்செல்லில் எங்கே இருக்கிறது

எக்செல்லில் அனாலிசிஸ் டூல்பேக் என்ற இணைப்பை இயக்கிக்கொண்டால் 'அனோவா: சிங்கிள் ஃபேக்டர்' கிடைக்கும். இலவசமான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலும் டேட்டா மெனுவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கட்டும் முறையின் எண்களையும் ஒரு பத்தியாக, அதாவது ஒன்றின் கீழ் ஒன்றாக, தட்டுங்கள். மேலே உள்ள முதல் கடை எண்களையே கொடுத்துப் பார்த்தால், 40-உம் 30-உம் வர்க்கக் கூட்டுத்தொகைகளாக, 2-உம் 12-உம் அதற்கடுத்த பத்தியில், 20-உம் 2.5-உம் அதற்கடுத்து, கடைசியில் எஃப் மதிப்பு 8, பி மதிப்பு 0.006, எல்லைக்கோடு 3.89 என்று வரிசையாக வரும். கையால் போட்டதும் அதுவும் ஒத்துப்போனால் அட்டவணையில் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிடும்.

கிழமையையும் சேர்த்துப் போட்ட 21 நாள் சோதனைக்கு அதே பட்டியலில் உள்ள 'டூ ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்' வேண்டும்: ஏழு கிழமை ஏழு வரிசை, மூன்று முறை மூன்று பத்தி. இரண்டு கிளை, இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் பல நாள் என்றால் 'வித் ரெப்ளிகேஷன்'. இடைவினைக்கான வரி அதில்தான் வரும். டூக்கி சோதனை மட்டும் எக்செல்லின் இந்தப் பட்டியலில் கிடையாது. அதற்கு ஆர் அல்லது ஜமோவி மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் காசு இல்லை. மெனு பழக்கமானவர்களுக்கு ஜமோவி சுலபம்.